சுவர்க் கத்தி

தரையில் அவன் போட்ட சாக்பீஸ் கோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்து நேராகத் தலையணைக்குக் கீழே போனது. குவான்லினுக்கு வியர்த்தது.

எதிர்க்கட்டடத்தின் பக்கச்சுவரை அப்படியே நீட்டினால், அந்தத் தளம் ஜன்னல் வழியே புகுந்து அவன் படுக்கையறையைப் பிளக்கும். தைவானின் தைனானில் வாஸ்து பார்ப்பவர்கள் அதைச் சுவர்க் கத்தி என்பார்கள்; அதன் கீழே படுத்தால் ஆகாதாம். இரண்டு தளங்கள் வெட்டிக்கொண்டால் கிடைப்பது ஒரு கோடு என்று எட்டாம் வகுப்புக்கு எத்தனையோ முறை போட்டுக் காட்டியவன்தான். அது தன் கழுத்தில் விழும் என்று இன்றுதான் தெரிந்தது.

போன் அடித்தது. பெய்ஷான், அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள்.

"அம்மா கிளம்பிட்டாங்க. முதல்ல கட்டிலைத்தான் பார்ப்பாங்க. போன வருஷம் வந்த டாக்டர் மாப்பிள்ளையையே இந்தக் கத்தியாலதான் வேண்டாம்னாங்க."

"நான் கணக்கு வாத்தியார். இதையெல்லாம் நம்பணுமா?"

"நம்ப வேண்டாம். நகர்த்து."

இடது பக்கம் தள்ளினான். குளியலறைக் கதவு காலுக்கு நேராக முறைத்தது. வலது பக்கம் இழுத்தான். கூரையின் உத்தரம் நெஞ்சுக்கு மேல் குறுக்கே நின்றது. திருப்பிப் போட்டான். கண்ணாடியில் கட்டில் முழுசாகத் தெரிந்தது. அது இன்னும் ஆகாது.

மூச்சிரைக்கக் கட்டிலைக் கூடத்துக்கே இழுத்து வந்தான். அங்கே வாசலும் பால்கனியும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. வருகிற அதிர்ஷ்டம் நிற்காமல் அப்படியே வெளியேறிவிடும். அலமாரியைத் தூக்கிக் குறுக்கே வைத்தான். கோடு அறுந்தது. வாசற்கதவு பாதிக்குமேல் திறக்க மறுத்தது.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான். கீழே தெருக்குத்து வேறு. சந்து ஒரு கதிர்போல் நேராக வந்து கட்டட வாசலில் முட்டியது. அதன் மேலேயே, மூக்கை வாசலுக்கு நீட்டியபடி, தார்ப்பாய் போட்ட ஒரு நீல லாரி.

இடுக்கில் பிதுங்கி வெளியேறிக் கீழே ஓடினான். வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லிக் கெஞ்சினான். பாக்கு மென்றுகொண்டிருந்த டிரைவர் அசையவில்லை.

"சாமான் இறக்கணும் சார். ஆள் வந்து சரின்னு சொல்லாம நகர மாட்டேன்."

அதற்குள் பெய்ஷானின் தாய் லியாவ் அம்மா டாக்சியில் வந்து இறங்கிவிட்டாள். கையில் திசைகாட்டி. லாரியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டுப் படியேறினாள். அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மேலே, இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்தாள். சாக்பீஸ் கோட்டின் மேல் நடந்து பார்த்தாள். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடியை, குளியலறைக் கதவை, எதையும் விடவில்லை. கடைசியில் கூடத்துக்கு வந்து, செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள்.

அவன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு கோடும் என்னைத் தொடல" என்றாள். "பரவாயில்லையே, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை. காதில் தேன் பாய்ந்தது. அன்னாசிக் கேக்கைத் தட்டில் அடுக்கினான். லியாவ் அம்மா பால்கனிக்குப் போய் யாரையோ போனில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

சற்று நேரத்தில் கதவிடுக்கில் பாக்குச் சிவப்பேறிய ஒரு வாய் தெரிந்தது.

"சார், அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துங்க. உங்க அத்தையோட மூட்டை முடிச்செல்லாம் வந்தாச்சு. அவங்களுக்கு இந்தக் கட்டிலே போதுமாம். உங்க ரெண்டு பேருக்கும் வாங்கின புதுக் கட்டிலை உள்ரூம்ல, அந்தச் சாக்பீஸ் கோட்டு மேல போடச் சொன்னாங்க."