மதகிலிருந்து அளந்தால் எங்கட, கம்பத்திலிருந்து அளந்தால் உங்கட

மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுகிறவன் எதை மறந்தாலும் அதன் பிரதி யார் யாருக்குப் போனது என்பதை மறக்கக் கூடாது. நான் மறந்தேன். அதனால் ஒரு மழைக்காலக் காலையில், இரண்டு ஊர்ச் சனத்துக்கு முன்னால், மாமனாராக வரவிருந்தவர் வாசிக்க, என் சொந்த எழுத்தை நான் நனைந்தபடி நின்று கேட்க வேண்டி வந்தது.

ஊர்ப் பெயர்களைச் சொல்ல மாட்டேன். (சொன்னால் இரண்டு ஊரிலிருந்தும் மறுப்புக் கடிதம் வரும், பிரதிகளோடு.) கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெளியாளுக்குப் பிடிபடாது. எங்களுக்கு நன்றாகப் பிடிபடும். எங்கள் ஊருக்கும் வடக்கே உள்ள ஊருக்கும் நடுவில் கடற்கரையிலிருந்து வரும் ஓர் ஒழுங்கை. அது பெரிய வீதியில் வந்து முட்டும் இடத்தில் ஒரு பஸ் ஹோல்ட். நாலு தூண், ஒரு தகரக் கூரை, உட்கார ஒரு சீமெந்து வாங்கு, அவ்வளவுதான்.

அதற்காக இரண்டு ஊரும் மூன்று வருடம் சண்டை பிடித்தன. அந்த இடத்தில் பஸ் நின்றதும் கண்டக்டர் எந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்பதுதான் சண்டை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வடக்கூர்க்காரர் இறங்க மாட்டார்கள். அடுத்த ஹோல்ட் வரை போய்த் திரும்பி நடந்து வருவார்கள். அவர்களுடைய பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களும் அப்படியே. முழங்கால் வருத்தக்காரர்கள்கூட ஊர் மானத்துக்காக நடந்தார்கள். பெயர்ப் பலகைக்கு நாலு முறை வர்ணம் மாறியது. ஐந்தாம் முறை பலகையையே காணவில்லை.

எல்லை பற்றி ஆளுக்கொரு கணக்கு இருந்தது. தெற்கே இருக்கும் பழைய மதகிலிருந்து இருபது அடி எங்கள் ஊர் என்பது எங்கள் கணக்கு. வடக்கே இருக்கும் மின்கம்பத்திலிருந்து இருபது அடி அவர்கள் ஊர் என்பது அவர்களுடைய கணக்கு. மதகுக்கும் கம்பத்துக்கும் இடையில் இருந்ததே இருபத்தைந்து அடிதான். ஹோல்ட் அந்த நடுவில் உட்கார்ந்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புதிதாக ஆசிரியர் நியமனம் பெற்றிருந்தேன். எங்கள் இளைஞர் கழகத்தின் செயலாளரும் நான்தான். எனக்கு நல்ல தமிழ் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. (அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.) கழகத் தலைவர் அரிசி ஆலைக்கார இப்றாலெவ்வை காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கதைச்சிக் கதைச்சிக் களைச்சிப் பெய்த்து. நீ எழுத்தில அவங்கள மடக்கு" என்றார்.

மடக்கினேன். பஸ் டிப்போவுக்குப் பதினொரு பக்கப் பெட்டிசம். பன்னிரண்டு அடி நாடா ஒன்றைக் கழகக் காசில் வாங்கி, மதகிலிருந்து இரண்டு தடவையாக அளந்து, படம் கீறி, அம்புக்குறி போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தமிழ் வருமே! கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தி சேர்த்தேன்: "இத்தரிப்பிடத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் எவரும் எம்மூரின் விருந்தினரேயாவர். அவர் யார், எங்கிருந்து வந்தவர் என வினவாது அரவணைப்பது எம்மூரின் பரம்பரைக் குணமாகும்."

அதன் கீழே ஏழு பிரதி. ஏழாவது, வடக்கூர்ச் சபையின் செயலாளர், ஹார்ட்வெயார் கடை ஆதம்பாவா அவர்களுக்கு, "தகவலுக்காக". வெந்த புண்ணில் வேல் பாய்ச்சத்தான் அதை அனுப்பினேன், அதுவும் பதிவுத் தபாலில்.

நாங்கள் வென்றோம். கண்டக்டர்கள் எங்கள் ஊர்ப் பெயரைக் கத்தத் தொடங்கினார்கள். கழகத்தில் ஆடு அறுத்துச் சாப்பிட்டோம். மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு சம்மந்தம் வந்தது. பெண் ஜெஸீமா. பெண்ணின் வாப்பா ஹார்ட்வெயார் கடை ஆதம்பாவா.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். ஆகவே நான் எந்த ஊரை எழுத்தில் மடக்கினேனோ அந்த ஊரிலேயே பாய் விரிக்கப் போகிறேன். பெண் பார்க்கப் போன அன்று ஆதம்பாவா மாமா ஒரே ஒரு வசனம்தான் கதைத்தார். "மருமகன்ட எழுத்த நான் வாசிச்சிரிக்கன்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். மாரி முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவானது.

மாரி முடியவில்லை. மூன்று நாளாக விடாத மழை. அன்று காலை ஏழு மணிக்கு இப்றாலெவ்வை காக்காவின் போன் வந்தது. ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, நாடா இரிக்கா?"

"எந்த நாடா காக்கா?"

"அளக்கிற நாடா. எடுத்துக்கிட்டு ஹோல்ட்டுக்கு ஓடி வா. அது எங்கட இல்ல எண்டு இப்ப காட்டணும்."

நான் போய்ச் சேர்ந்தபோது வீதியின் இரு பக்கமும் குடைகள். ஹோல்ட்டுக்குள் பத்துப் பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரம் பழுதான ஒரு படகு விடியற்காலையில் எங்கள் கடலில் கரை தட்டியிருந்தது. இறங்கியவர்கள் ஒழுங்கை வழியாக மழையில் நடந்து வந்து, முதலில் கண்ட கூரையின் கீழ் ஒதுங்கிவிட்டார்கள். பர்மாப் பக்கத்து அகதிகள் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய பாஷை யாருக்கும் விளங்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் வருகிற ஒவ்வொருவருக்கும் எழும்பி நின்று ஸலாம் சொன்னார். பதில் சொன்னவர்கள் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் குடையைச் சரிசெய்தார்கள். வாங்கின் ஓரத்தில் ஒரு பெண். அவளுடைய மடியில் ஐந்தாறு வயதுப் பெண் பிள்ளையொன்று காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

கிராம உத்தியோகத்தரும் (ஜீ.எஸ். என்போம்) வந்திருந்தார். பொலிஸ் நிலையப் பக்க வீதியில் வெள்ளம் பாய்வதால் ஜீப் வந்து சேர நேரமாகும், அதுவரை யாராவது இவர்களை ஒரு கட்டடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்ப்பதாக ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். எந்த ஊர் என்பதை அவரே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் அப்போது இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்துக் கடமை பார்த்தவர். "நான் இப்ப எந்த ஊர் ஜீ.எஸ்.ஸாக நிக்கிறன் எண்டு செல்லுங்க, எழுதுறன்" என்று பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கையெழுத்துக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். நாளைக்கு விசாரணை வந்தால்? ஒருவர் ஓடிப்போனால்? பிள்ளை காய்ச்சலில் மௌத்தாகிவிட்டால்? இரண்டு ஊரிலும் கல்நெஞ்சக்காரர் என்று யாருமில்லை. "பாவம், பாவம்" என்று எல்லாருமே சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு அடி பின்னால் போனார்கள்.

இதற்கிடையில் ஒரு பஸ் வந்தது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்கு யோசனை பிறந்தது. "பத்துப் பேரையும் ஏத்தி விடுவம், கல்முனையில எறங்கட்டும்." கண்டக்டர் மிதிபலகையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "எறக்கிறது லேசு. எறங்கி எங்க போறது எண்டு கேட்டா நான் என்ன செல்ற?" என்றவர், பழக்க தோஷத்தில் எங்கள் ஊர்ப் பெயரை ஒரு தடவை உரக்கக் கத்திவிட்டு மணியடித்துப் போனார். வடக்கூர்க் குடைகளுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது.

இப்றாலெவ்வை காக்கா என் முதுகில் கை வைத்தார். "அள தம்பி."

"மதகில இரிந்து அளந்தா எங்கட பக்கம்தானே வரும் காக்கா?"

"மதகில இரிந்து ஆர் அளக்கச் சொன்ன? கம்பத்தில இரிந்து அள."

அளந்தேன். இதைத்தான் என்னால் இன்றுவரை யாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. கம்பத்திலிருந்து முதல் பன்னிரண்டு அடி ஹோல்ட்டின் தூணோடு முடிந்தது. மிச்சம் எட்டு அடியை வாங்கின் கீழாகப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்திருந்தவர்களிடம் காலைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். கிழவர் உட்படப் பத்துப் பேரும் ஈரக் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். குனிந்து நாடாவை இழுத்தேன். நுனி நிற்காமல் வழுகி வழுகி வந்தது. அப்போது அந்தப் பெண், பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடி, மற்றக் கையால் நாடாவின் நுனியை வாங்கித் தூணோடு அழுத்திப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். மழைச் சாரல் படாமல் மறைப்புக் கட்டத்தான் அளக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நாடா தொய்ந்தபோது அவளே இழுத்து நேராக்கித் தந்தாள்.

நான் நிமிர்ந்தேன். உத்தியோகத்தைச் செய்து முடிக்கும் அவசரம் எனக்கு. "இருபது அடி. வாங்கு முழுக்க வடக்கூர்" என்று அறிவித்தேன். 

குடைகளை விலக்கிக்கொண்டு ஆதம்பாவா மாமா முன்னால் வந்தார். போட்டிருந்த சேட்டின் உள்பையிலிருந்து பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்த கடதாசிகளை எடுத்தார். பதினொரு பக்கமும் இருந்தன.

"மருமகன், இது உங்கட கையெழுத்துத்தானே?"

வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. மீலாத் விழாக்களில் வரவேற்புரை அவர்தான். மதகு, இருபது அடி, அம்புக்குறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். 'ஒதுங்கும் எவரும் எம்மூரின் விருந்தினரேயாவர்' என்ற இடத்தில் நிறுத்தி, வாங்கைப் பார்த்தார். 'எங்கிருந்து வந்தவர் என வினவாது' என்ற இடத்தில் என்னைப் பார்த்தார். 'பரம்பரைக் குணமாகும்' என்று முடித்துக் கடதாசியை மடித்தார்.

"நாங்க தோத்த ஆக்கள். இந்த ஹோல்ட்டில எங்களுக்கு ஒரு உரிமையும் இல்ல. விருந்தாளிகளக் கூட்டிப் போங்க."

"அது பஸ்ஸுக்கு எழுதின கடிதம்" என்றார் இப்றாலெவ்வை காக்கா. "சும்மா ஒரு இதுக்கு எழுதின."

"ஏழு பேருக்குப் பிரதி போட்டா சும்மா எழுதின?"

மாமாவைப் பெரிய மனிதராகக் காட்ட எனக்கு ஆசைதான். ஆனால் அவரும் பத்துப் பேரைத் தள்ளிவிடத்தான் வாசித்தார். நான் நாடாவால் தள்ளினேன், அவர் என் தமிழால் தள்ளினார். இரண்டு பக்கமும் சத்தம் ஏறியது. கிழவர் மறுபடி எழும்பி நின்று இரண்டு பக்கத்துக்கும் ஸலாம் சொன்னார். பிள்ளை குனிந்து வாந்தி எடுத்தது. அந்தப் பெண் அப்போதும் நாடாவின் நுனியை விடவில்லை. மறுமுனை என் கையில் இருந்தது. அவள் பிள்ளையின் முதுகைத் தடவும் அசைவு நாடா வழியாக என் விரலுக்கு வந்துகொண்டிருந்தது.

சுனாமி அடித்த அன்று எங்கள் உம்மா எங்களை இழுத்துக்கொண்டு மேற்கே ஓடினா. சவளக்கடைப் பக்கம் ஒரு வயற்காரர் வீட்டு வாசலில் போய் விழுந்தோம். அவர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். கைலியும் சோறும் தந்து, தன் பிள்ளைகளின் பாயை எங்களுக்கு விரித்தார். அங்கே இருந்த மூன்று வாரமும் எந்த மதகிலிருந்தும் எங்களை யாரும் அளக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்கு நாடாவோடு புறப்பட்டபோது ஞாபகம் வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"ஓம். என்ட கையெழுத்துத்தான்" என்றேன்.

ஜீ.எஸ். பேனையை நீட்டினார். "அப்ப இதிலயும் வைங்க."

நாடாவை விட்டுவிட்டு வைத்தேன். கழக வாசிகசாலைப் பூட்டின் திறப்பு, செயலாளன் என்ற முறையில் என் பையில்தான் இருந்தது. இப்றாலெவ்வை காக்கா, "டேய், எனக்கிட்டக் கேட்டியா?" என்று பின்னாலேயே வந்தார். வாசிகசாலையைத் திறந்ததும் மேசைகளை ஒதுக்கிப் பாய் போட்டவரும் அவர்தான். வாய் மட்டும் ஏசிக்கொண்டே இருந்தது. பிள்ளையை ஒரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காய்ச்சல் இறங்கிப் பின்னேரம் பிள்ளை திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் பகுதியின் பரம்பரைக் குணம். அகதிகளைத் தெற்கூர் ஏற்றுக்கொண்டது என்ற செய்தி பரவியதும் வடக்கூரால் அதைப் பொறுக்க முடியவில்லை. பகல் சோறு நாங்கள் கொடுத்தோம். மூன்று மணிக்கு அவர்களுடைய புரியாணிச் சட்டி வந்தது. நாங்கள் பத்து உடுப்புக் கொடுக்க அவர்கள் இருபது அனுப்பினார்கள். காலையில் யாருக்கும் வேண்டாத பத்துப் பேரை மாலையில் எந்த ஊர் நன்றாகப் பார்க்கிறது என்று போட்டி. தங்கள் பங்குக்கு ஐந்து பேரையாவது தரச் சொல்லி வடக்கூரிலிருந்து ஒரு தூதுகூட வந்தது.

அடுத்த நாள் வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் வந்து அவர்களை வாகனத்தில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் அந்தப் பெண் என்னிடம் வந்து நாடாவைத் தந்தாள். துடைத்து, மடிப்பில்லாமல் இறுக்கமாகச் சுற்றி வைத்திருந்தாள். ஏதோ சொன்னாள், விளங்கவில்லை. அவர்களை எங்கே கொண்டுபோனார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று விசாரித்து நாலு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஹோல்ட்டுக்கு எழுதிய கடிதத்துக்கு மட்டும்தான் நாட்டில் பதில் கிடைத்தது.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மாமா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போகும்போது, "வாசற்படி தாண்டினா எங்கட பக்கம், அளக்கத் தேவல்ல" என்றார். இன்றைக்கு அந்த ஹோல்ட்டின் கூரையில் பாதியைக் காணவில்லை; திருத்துவது யார் பொறுப்பு என்று இரண்டு ஊரும் மற்ற ஊரைக் கைகாட்டுகின்றன. கண்டக்டர்கள் வம்பே வேண்டாமென்று, "நாடாவடி, நாடாவடி எறங்கு" என்று கத்துகிறார்கள். அந்த இடத்தில் இப்போது இரண்டு ஊர்க்காரரும் முகம் சுளிக்காமல் இறங்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் தேநீர் கொட்டுண்டால் என் மகள் துடைக்க மாட்டாள். "மதகில இரிந்து அளந்தா வாப்பாட பக்கம்" என்பாள். திரைச்சீலை தைக்க யன்னல் அளப்பதற்கு ஜெஸீமா அந்தப் பழைய நாடாவைத்தான் எடுப்பாள். நுனியை யார் பிடிப்பது என்ற கேள்வி எங்கள் வீட்டில் வருவதே இல்லை. நான் எழும்பிப் போய்ச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் போதும் என்று சொல்லும் வரை.