நான் நடந்த மூன்று கிலோமீட்டர்

பொய் சொன்னாலும் பொருத்தமாகச் சொல்வது என்ற உறுதியோடுதான் இதய மருத்துவரின் அறைக்குப் போனேன். இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்னால், எனக்கு ஆபத்து எவ்வளவு என்று அவர் கணிக்கப் போகிறார். கேள்விகள் கேட்பார். தனியாக இருந்தால் உண்மையைச் சொல்லிவிடலாம். பக்கத்தில் மனைவி இருந்தால்?

ஆகவே வாசலிலேயே அவளைக் கழற்றிவிடப் பார்த்தேன். தண்ணீர் வேண்டும் என்றேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டேன் என்றேன். அது என் மூக்கின் மேல் இருப்பதாகச் சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் சிகரெட்டில் ஆரம்பித்தார். விட்டு ஐந்து வருடம் ஆகிறது என்றேன். வேறு மாத்திரை? நீங்கள் கொடுத்ததைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றேன். எவ்வளவு தூரம் நடந்தால் நெஞ்சு வலிக்கிறது? தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறேன், ஒன்றும் செய்வதில்லை என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு அடைப்போட மூணு கிலோமீட்டரா? அப்படின்னா இந்த சிகிச்சை வேணுமான்னே நான் மறுபடி யோசிக்கணும் சார்."

என் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"தெருமுனை பெஞ்ச் வரைக்கும்தான் டாக்டர். இருநூத்திப் பத்து அடி. மொட்டைமாடியில துணி காயப்போடறப்ப பாப்பேன். பாதி வழியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அதைப் பாத்துத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். பெஞ்சுல ரெண்டு சிகரெட். அப்புறம் சட்டையில தண்ணியத் தெளிச்சுக்கிட்டு, வேர்த்த மாதிரி வீட்டுக்கு வருவார்."

அத்தோடு விடவில்லை. நான் ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்த முழங்கால் வலி மாத்திரை அட்டையையும் மேசைமேல் வைத்தாள். டாக்டரின் முகம் மாறியது. சிகிச்சையின்போது செலுத்தும் மருந்துச் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இந்த வலி மாத்திரையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும்; தினமும் விழுங்குவது தெரியாமல் சிகிச்சை செய்திருந்தால் சிறுநீரகமே படுத்திருக்கலாம் என்றார். மாத்திரையை நிறுத்தி, ரத்தப் பரிசோதனை பார்த்து, இரண்டு நாள் தள்ளிச் செய்வதாக எழுதினார்.

இப்போது எனக்கு இரண்டு அடைப்பு. ஒன்று ரத்தக்குழாயில், மற்றது தொண்டையில்.

வெளியே வந்ததும், தெரிந்தும் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா அந்த இருநூத்திப் பத்து அடியும் நடந்திருக்க மாட்டீங்க" என்றாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை டாக்டர் என் கட்டிலருகே வந்து, நெஞ்சு வலி இருக்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

அவர் கேட்டது என் மனைவியை.