பாசியைத் தள்ளாமல் தண்ணீர் அள்ளுவது

சிட்டு,

விளாங்குடியில் இருந்து உன் அம்மா ஒச்சம்மாள் எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அடுத்து உன் சுகத்தைக் கேட்பதுதான் முறை. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஆடியில் காய்ச்சலோடு போனவளுக்குப் புரட்டாசியில் கடுதாசி எழுதினால் எந்த விலாசம் போட? ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அதனால் முறையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, உன்னோடு படித்த ஸ்ரீவர்ஷினி வந்தாள். எனக்குத்தான் நீ சிட்டு, அவளுக்கு ரோகிணி. "அம்மா, ரோகிணி பரவைக் கண்மாய்த் தண்ணிய மாசாமாசம் எடுத்தால்ல, இன்னும் ரெண்டு மாசத் தண்ணிதான் பாக்கி. அது இருந்தா அவ பேர்லயே ஆராய்ச்சிய முடிச்சிரலாம். இல்லைன்னா அம்புட்டும் வீண். லேபை நான் பாத்துக்கிறேன், எடுக்கத்தான் ஆள் இல்ல" என்றாள். "நான் போறேன்" என்று ஒரு குரல் கேட்டது, பார்த்தால் அது என் குரல். அஞ்சாவதோடு நின்றவளுக்கு உன் தோழி நம் வீட்டு வாளியிலேயே பாடம் நடத்தினாள். பாட்டிலை அதே தண்ணீரில் அலச வேண்டும், வாயை முக்கிப் பிடிக்க வேண்டும், ஒரு குமிழி இருக்கக் கூடாது, மூடியதும் ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆவணியில் நானும் உங்கப்பாவும் கிளம்பினோம். பஸ்ஸில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "ஏத்தா, குச்சி ஐஸு எம்புட்டு?" என்று கேட்கிறார். உங்கப்பாவுக்கு வந்ததே கோபம்! "சாக்கடை ஐஸு, ரெண்டு தரவா?" என்றார். கரையில் ஆடு மேய்க்கிற அழகம்மாள் வேறு, "ஏ மதினி, இந்தத் தண்ணிய யாருக்குக் குடுத்துக் கொல்லப் போற?" என்று சிரித்தாள். நான் யாரையும் பார்க்காமல் முழங்கால் தண்ணீரில் இறங்கி அள்ளிக்கொண்டு ஏறிவிட்டேன். நாலு நாளில் வர்ஷினி போன். "அம்மா, ரோகிணி எடுத்தா எப்படி வருமோ, அச்சா அப்படியே வந்திருக்கு!" அன்றைக்கு எனக்குக் கால் தரையில் இல்லை. பாஸ் பண்ணிவிட்டேன் சிட்டு!

இந்த மாதம் வர்ஷினியும் கூட வந்து கரையில் நின்றாள். நான் இறங்கினேன், பாட்டிலின் அடியால் தண்ணீரைத் தட்டினேன், இடது கையால் பாசியையும் நுரையையும் ஒதுக்கினேன், தெளிந்த இடத்தில் அள்ளப் போனேன். "அம்மா! என்ன பண்றீங்க?" என்று அலறினாள். பாம்புதான் என்று நான் துள்ளியதில் உங்கப்பா நனைந்துவிட்டார்.

"பாசிய ஏன் தள்றீங்க?"

"தள்ளாம அள்ளுவாகளா? பொறந்த ஊரு பேரையூர்ல குடத்தைத் தூக்குன நாள்ல இருந்து எனக்கு இப்படித்தான் பழக்கம்."

"போன மாசமுமா?"

"போன மாசம் இன்னும் நல்லாவே தள்ளுனேன்."

தலையில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த அழுக்கத்தாம்மா நாங்க அளக்கணும்!"

சரி, தள்ளாமல் அள்ளுவோம் என்று குனிந்தால் இந்த இடது கை கேட்டால்தானே? மூளைக்கு முந்தி அது போய்ப் பாசியைத் தள்ளுகிறது. இரண்டு தடவை கெடுத்தேன். கடைசியில் உங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, ஊரே பாக்குது" என்றேன். "பாத்தா பாக்கட்டும், நீ அள்ளு" என்றார். நீ போன பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். கரையில் அழகம்மாள் ஆட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் நிறைந்த பிறகும் அவர் கையை விடவில்லை, நானும் உருவவில்லை.

நேற்று வர்ஷினி குதித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, சூப்பர் அழுக்கு! இதுவரைக்கும் இம்புட்டு வந்ததே இல்ல!" ஊர்ச் சாக்கடை வந்து விழுவதற்கு இனி அத்தாட்சி இருக்கிறதாம். உனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த பாலசுந்தரம் சாரும், தப்பாக அள்ளிய ஆவணிக் கணக்கை மட்டும் அடித்துவிட்டால் போதும், தை மாத ஆராய்ச்சிக் கூட்டத்தில் உன் பேரைச் சொல்லி வாசிக்கலாம் என்றாராம். உங்கப்பா கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்தார். சாக்கடைக்கு அல்வா கொடுத்த வீடு நம் வீடுதான். இனிமேல் எனக்கும் அந்தக் கண்மாய்க்கும் ஒரு பேச்சும் இல்லை. நீ நிம்மதியாக இரு. உன் தலையைத் தடவிவிட்டதாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன், எழுந்துவிட்டேன். நான் பாசியைத் தள்ளி அள்ளியதுதானே ஆவணித் தண்ணீர்? அது அச்சாக நீ எடுத்தது மாதிரி வந்தது என்றுதானே வர்ஷினி சொன்னாள்? அல்வா சந்தோஷத்தில் அவளும் யோசிக்கவில்லை, சாரும் யோசிக்கவில்லை. சின்னதில் உனக்குத் தண்ணீர் அள்ளப் பழக்கியது என் கைதான். நீ கண்மாயில் இறங்கும்போதெல்லாம் நான் உன் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு அழகம்மாளிடம் வாயடித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள்கூட உன் கையைப் பார்க்கவில்லை. இதை வர்ஷினியிடம் சொன்னால் நீ எடுத்தது அத்தனையையும் அடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பொய்த் தண்ணீருக்கு உன் பேர். கண்மாய் அப்போது நிஜமாகவே கொஞ்சம் நன்றாக இருந்ததா, இல்லை, சிட்டு, நீயும் பாசியைத் தள்ளிவிட்டா அள்ளினாய்?