புகையற்ற ஊருக்குப் பதக்கம்

ஒரு கனவானின் கல்லீரலில், ஓர் உயிரணுவில், நிர்வாகம் செவ்வனே நடந்துகொண்டிருந்தது. உயிரணு என்றால் ஓர் ஊர்தான். தெருவுக்குத் தெரு உலை. பாடப்புத்தகம் மைட்டோகாண்ட்ரியா என்று வாயில் நுழையாத பேர் வைத்திருக்கிறதே, அதேதான். ஊருக்கே சக்தி அதிலிருந்து. பழுதான உலை நச்சுப் புகை கக்கும். ஆய்வாளர் மோப்பம் பிடித்துப் போய்ச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். இடிப்புப் படை வந்து உலையைத் தின்று தீர்க்கும்.

அன்று புகைந்தது ஆய்வாளருடைய மைத்துனனின் உலை. பசை தடவிய கையை மனைவி எட்டிப் பிடித்தாள்.

"என் தம்பி வயித்துல அடிச்சுட்டு உங்களுக்குச் சோறு இறங்குமா?"

"விட்டா ஊரே செத்துடும்டி!"

"மாமா, இது புகையே இல்ல. உலை பெருமூச்சு விடுது" என்றான் மைத்துனன்.

ஆய்வாளர் அலறியடித்துக்கொண்டு ஊரை ஆளும் நடு மாளிகைக்கு, அதாவது உட்கருவுக்கு, ஓடினார். தலைமை அதிகாரி சிரித்தார்.

"சீட்டு எல்லாம் பழைய பாணிய்யா. நம்ம கனவான் இளமை மாத்திரையா விழுங்கித் தள்றார். அது இங்க புகை உறிஞ்சுற பஞ்சா வந்து இறங்குது. ஒத்தி எடுங்க."

"பழுது அப்படியே இருக்குமே, ஐயா?"

"புகார் எதுக்கு வந்துச்சு? புகைக்குத்தானே? பழுதுக்கு யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?"

ஆய்வாளருக்கும் உள்ளூர நிம்மதிதான். வீட்டில் சோறு கிடைக்குமே!

தெருவெங்கும் பஞ்சு. புகை வாடை பட்டால்தான் ஊரின் தீயணைப்பாளர்கள் எழுவார்கள். அவர்கள் குறட்டை விட்டார்கள். எந்த உலை கெட்டது என்று எந்த மூக்குக்கும் தெரியவில்லை. எனவே, எந்த உலையும் கெடவில்லை என்று அறிவித்து ஆய்வாளருக்குப் பதக்கம் குத்தினார்கள்.

ஒரு மதிய வேளையில் மைத்துனனின் உலை வெடித்தது. உள்ளே இருந்த சாறு தெருவில் ஓடியது. உலைச் சாறு தெருவில் சிந்தினால் அதற்கென்று ஒரே ஒரு சட்டம் உண்டு. தலைமை அதிகாரி எழுந்து நின்று வாசித்தார்: "இவ்வூர் அமைதியான முறையில் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது."

ஆய்வாளர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "ஒரே ஒரு சீட்டு ஒட்டியிருந்தா போதுமே!"

"அதை அன்னிக்கே என்னை அதட்டிச் சொல்றதுக்கென்ன?" என்றாள் மனைவி. அதற்குள் அவர்கள் நின்ற தெரு கரையத் தொடங்கிவிட்டது.

மேலே கனவானுக்குக் கொஞ்சம் அசதியாக இருந்தது. மாத்திரை போதவில்லை என்று தீர்மானித்து இரண்டிரண்டாக விழுங்கினார்.

பக்கத்து ஊரில் பஞ்சு வந்து இறங்கியது. அங்கேயும் ஓர் ஆய்வாளர், கையில் பசையோடு, தன் அண்ணன் உலை வாசலில் தயங்கி நின்றுகொண்டிருந்தார். பஞ்சைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.