என் மாமனாரைத் துரத்திய நைட்ரோ கார்

மாமனாரின் மனத்தில் இடம்பிடிக்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அவர்மேல் காரை ஏவி விட்டுத் துரத்துவதும் அவற்றில் ஒன்று என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானேதான் கண்டுபிடித்தேன்.

கார் என்றதும் பயந்துவிடாதீர்கள், ரிமோட் கார்தான். ஆனால் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பேட்டரிச் சமாச்சாரம் இல்லை (அப்படிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் முகம் சிவக்கும்). உள்ளே இருப்பது நைட்ரோ எண்ணெய் குடிக்கும் நிஜ எஞ்சின். கொழுத்த பூனையின் அளவுதான் இருக்கும். ஆனால் மண் தடத்தில் மோட்டார் சைக்கிளின் வேகத்தில் ஓடும், மேடு வந்தால் பறக்கும். சத்தமும் புகையும், கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்களே, அந்த மெஷினைப் போலவே இருக்கும்.

அதை நானே துண்டு துண்டாக வாங்கிக் கட்டினேன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து பத்தாங் காலி வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசைதான் என் பட்டறை. ஒருமுறை ரசத்திலிருந்து அம்மா ஒரு ஸ்க்ரூவைக் கரண்டியில் எடுத்துக் காட்டினார். "அம்மா, இதைத்தான் ரெண்டு நாளா தேடுறேன்!" என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மா அப்படி ஒன்றும் சந்தோஷப்படவில்லை.

தர்ஷினி எங்கள் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. என் விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள் என்று தெரியவில்லை, என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி டிரைவர். அதிகம் பேசாதவர். என்னைப் பற்றி மகள் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "இந்த வயசுல இன்னும் காடி வச்சு விளையாடுறவனுக்கா பொண்ணக் குடுக்கிறது?"

கிள்ளானில் ஓர் அக்கவுண்டன்ட் மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர் எதையும் வைத்து விளையாடுவதில்லை.

"ஞாயித்துக்கிழமை ஒன் காடிப் பந்தயத்தப் பாக்க அப்பா வரேன்னு சொல்லிட்டாரு லா," என்றாள் தர்ஷினி. "பாத்துட்டுத்தான் முடிவு சொல்வாராம். ஜெயிக்காட்டியும் பரவால்ல. மானத்த மட்டும் வாங்கிடாத."

இந்த விஷயத்தை அம்மாவிடம் சொன்னதுதான் முதல் தப்பு. சனிக்கிழமை காலையிலேயே, "புது வண்டிய பூஜை போடாமலா எறக்குவ?" என்று காரைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோவில் வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு புதுக் காரும் ஒரு லோரியும் நின்றன. மூன்றாவதாக நானும் என் பூனையும்.

பூசாரி தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதுல டிரைவர் எங்க உக்காருவாரு?"

"டிரைவர் தள்ளி நின்னு ஓட்டுவான் சாமி. அதான் எனக்குப் பயமா இருக்கு. கயிறு நல்லா கட்டி விடுங்க."

சந்தனம், குங்குமம் எல்லாம் ஆனது. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து உருட்டினோம். பழம் நசுங்கவில்லை, கார்தான் கவிழ்ந்தது (அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்). கடைசியில் சிவப்புக் கயிறு. காரின் மேல்கூட்டில் கட்டினால் கழன்றுவிடும் என்று அம்மாவே கூட்டைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே கண்ணில் பட்ட கம்பியில் பூசாரி அழுத்தமாக மூன்று முடிச்சுப் போட்டார். அம்மா கண்ணை மூடி வெகுநேரம் வேண்டிக்கொண்டு நின்றார். பந்தயத்துக்காக ஒரு தாய் இப்படியும் உருகுவாளா என்று நானும் கையைக் கூப்பிக்கொண்டேன்.

பூசாரி கட்டியது ஆக்சிலேட்டர் கம்பியில். எஞ்சினுக்கு எவ்வளவு மூச்சு என்று முடிவு செய்வது அதுதான். பிரேக் பிடிப்பதும் அதே கம்பியின் தயவில்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அசாம் ஜாவா பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பழைய பந்துத் திடல். என் நண்பன் குணா கூட்டைத் திறந்து பார்த்ததும் அலறினான்.

"மச்சான், இத அறுத்துடு லா. கம்பி மாட்டிக்கும்!"

"அம்மா கோவில்ல கட்டுனதுடா."

"அப்போ அவுத்து வேற எடத்துல கட்டு."

"அவுத்தா பூஜை போச்சே."

கயிற்றின் நுனியை மடித்து ஓரமாகச் செருகிவிட்டேன். முடுக்கிப் பார்த்தேன், ஒழுங்காக வேலை செய்தது. எஞ்சினியரிங் டிப்ளோமா வாங்கியவன் யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

ஓட்டுபவர்கள் எல்லாரும் ஒரு பழைய லோரியின் மேல் ரிமோட்டோடு ஏறி நின்றோம். லோரியை ஒட்டி ஒரு கால்வாய். அதன் கரையில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, வெள்ளைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகத் தர்ஷினியின் அப்பா நின்றார். என்னைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன்! தர்ஷினி கையை ஆட்டினாள். நானும் பதிலுக்கு ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கார் பெரிய மேட்டில் ஏறிப் பறந்து, தொம்மென்று இறங்கியது. இறங்கிய பிறகும் சத்தம் குறையவில்லை. ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுத்தேன், அதே அலறல். பிரேக்கை அழுத்தினேன், எதுவும் நடக்கவில்லை. உள்ளே செருகிய கயிறு வெளியே வந்து கம்பியைச் சுற்றி இறுக்கிவிட்டது. திருப்புவது மட்டும்தான் இனி என் கையில்.

கால்வாயில் இறக்கிவிடலாம், தண்ணீர் பட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்று முடிவெடுத்தேன். நல்ல முடிவுதான். ஆனால் ரிமோட் காரில் ஒரு சங்கடம் உண்டு. கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது என்பது இடதுதான். நம்மை நோக்கி வரும்போது இரண்டும் மாறிவிடும். பதற்றத்தில் எனக்கு அது மறந்துபோனது. கரையில் நின்ற தர்ஷினியின் அப்பாவை விட்டு விலக்கத் திருப்பினேன். கார் நேராக அவரை நோக்கி வந்தது.

"அங்கிள், ஓடுங்க!"

ஓடினார். நான் இன்னும் பலமாகத் திருப்பினேன். கார் இன்னும் ஆசையாக அவர் பின்னால் போனது. அவர் வளைந்தால் அதுவும் வளைந்தது. மைக் பிடித்திருந்தவர் வேறு, "நம்பர் ஏழு, தயவுசெய்து தடத்துக்குத் திரும்பவும்!" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் தர்ஷினியின் அப்பா கால்வாயில் குதித்தார். காரும் குதித்தது. அவர் இடுப்பளவு சேற்றில். கார் அவருக்குப் பக்கத்திலேயே கரைச்சரிவில் மல்லாந்து, சக்கரம் நான்கும் சுழல, மிச்சமிருந்த வெள்ளைச் சட்டையையும் சேறாக்கியது.

லோரியிலிருந்து குதித்து ஓடினேன். அவர் கையில் செருப்போடு எழுந்தார். எனக்குத்தான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அடி காருக்கு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடியில் செருப்பு புகைக்குழாயின் வாயில் அப்படியே ஒட்டிக்கொள்ள, எஞ்சின் விக்கிவிட்டு அடங்கியது. ரப்பர் கருகும் வாசனை. அவர் குனிந்து பார்த்தார்.

"செத்துப்போச்சா?" என்றார்.

"நின்னுடுச்சு அங்கிள்."

மேல்கூடு எங்கோ பறந்திருந்தது. சிவப்புக் கயிறு பளிச்சென்று தெரிந்தது.

"இது யாரு கட்டுனது?"

"அம்மா கோவில்ல கட்டச் சொன்னாங்க."

"மாட்டிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அங்கிள். குணாகூட சொன்னான்."

"அப்புறம் ஏன்யா அறுக்கல?"

"அறுத்தா அம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல அங்கிள்."

சட்டையைப் பிழிந்துகொண்டே கரையேறினார். பிறகு ஒற்றைச் செருப்போடு நடந்து போய்விட்டார். கிள்ளான் அக்கவுண்டன்டுக்கு மனத்துக்குள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன்.

தர்ஷினி போன் செய்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் விட்டு விட்டுத்தான் பேசினாள். "அப்பா சரின்னுட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'பையன் மக்குதான். ஆனா அம்மாவுக்கு இந்தப் பயம் பயப்படுறவன் நாளைக்கு ஒனக்கும் பயப்படுவான்'னாரு!"

கணிப்பு பொய்க்கவில்லை.

கல்யாணத்தன்று நான் தாலியைக் கையில் எடுத்ததும் முன்வரிசையிலிருந்து அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: "மாப்பிள்ளை, கம்பி கிம்பியில கட்டிடாதீங்க!" ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இன்றைக்கும் நான் ஓட்டும் எல்லாப் பந்தயத்துக்கும் மாமா வருகிறார். ஒரு செருப்பைக் காலிலும் மறு செருப்பைக் கையிலும் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார். என் கண்ணாடி அலமாரியில் கோப்பை என்று எதுவும் இல்லை. வட்டமாகக் கருகிய அந்த ரப்பர் செருப்புதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியாக இருக்கிறது. ஒழுங்காக ஓட்டியிருந்தால் மூன்றாவது இடமும் ஒரு கைகுலுக்கலும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "என்னம்மா, அவ்வளவு நேரம் வேண்டிக்கிட்டு நின்னியே. பந்தயத்துல சாமி என்னைக் கவுத்துடுச்சே!" என்று அம்மாவைச் சீண்டினேன்.

மருமகளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் எங்கடா பந்தயத்துக்கு வேண்டிக்கிட்டேன்?"