காலவெளியாரின் கடிகாரம்

உங்கள் தெருவில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் குடும்பத்தில் ஒருவர் என்று எங்கும் நிறைந்திருக்கும் பிராணி இது: ஒரு பெரிய இயற்பியல் மேதையின் வாழ்க்கை வரலாற்றைப் பாதி படித்தவர். முழுவதும் படித்தவரால் யாருக்கும் தொந்தரவில்லை. படிக்காதவர் பாவம், தன் வேலையைப் பார்ப்பார். இந்தப் பாதி இருக்கிறதே, அப்பப்பா!

என் எதிர்வீட்டுக்காரரை அலுவலகத்தில் காலவெளியார் என்பார்கள். மேதை தலை வாரமாட்டார் என்று படித்த அன்றே சீப்பைத் துறந்தவர். பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றுக்கு வந்து, காலம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்று புன்னகை செய்து, மேலாளரைப் பல்லைக் கடிக்க வைப்பார். சிலிண்டரை நகர்த்தித் தரச் சொன்னால், பொருள் என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் அடங்கிக் கிடக்கும் ஆற்றல்தான் என்பார். அந்த ஆற்றலில் கொஞ்சம் எடுத்து இதைத் தூக்குங்கள் என்பார் மனைவி. தூக்கமாட்டார்.

காலம் மாறி ஓடுவது தெரியவேண்டுமானால் ஒளிக்குப் போட்டியாக ஓடவேண்டும். அது அடுத்த அத்தியாயம். அவர் அங்கே போகவில்லை. அவருடைய ஸ்கூட்டர் நாற்பதைத் தாண்டினாலே நடுங்கும்.

போன மாதம் அவர் மகளுக்கு இயற்பியல் படிப்புக்கான நுழைவுத்தேர்வு. இரண்டு வருட உழைப்பு. ஒன்பதுக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். எட்டு மணிக்கே தயாராகி நின்ற பெண்ணை வைத்துக்கொண்டு, விண்வெளிக்குப் போனவன் இளமையாகத் திரும்புவதையும் வீட்டில் காத்திருந்தவன் கிழவனாவதையும் எனக்கு விளக்கினார். பெண் மூன்று தடவை கூப்பிட்டாள். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு நின்றேனே, என்னைச் சொல்லவேண்டும்! கிளம்பும்போது எட்டே முக்கால்.

மற்றதை அவர் மனைவி சொல்லக் கேட்டேன். போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாலு. கேட் மூடியிருந்தது. மனிதர் அசருவாரா? கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற காவலாளியிடம் ஆரம்பித்துவிட்டார்.

“ஓடிட்டிருக்கறவங்களுக்கு நேரம் மெதுவாப் போகும்ப்பா. எங்களுக்கு இன்னும் ஒன்பது ஆகல.”

“நான் நின்னுட்டுத்தான் சார் இருக்கேன். எனக்கு ஆயிடுச்சு.”

“அவர் சொல்றதுதாம்ப்பா சரி,” என்றாள் மகள். அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்தவள் அவள்.

இனி அடுத்த வருடம்தான் தேர்வு. பிரபஞ்சத்தின் வயதுக்கு ஒரு வருடமெல்லாம் தூசு என்று வழியெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாராம். பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தவளுக்கு வயது பதினேழு.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ‘ரெண்டே நிமிஷம்’ என்று சொல்லிவிட்டுத்தானே இதைக் கையில் எடுத்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்?