ஆடாத மேசையும் ஜெர்மன் படிக்கும் மருமகளும்

மருந்துக் கடை முதலாளியும், என் அக்காவைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வருஷமாய்ப் பொறுமை காத்து வருபவருமாகிய மச்சான் அவர்களுக்கு, தச்சுப் பட்டறையிலிருந்து மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரியும், எங்களோடு தங்கிக் கல்லூரியில் ஜெர்மன் படிக்கிற உங்கள் மகளும், பெரிய ரம்பமும் சௌக்கியம். சின்ன ரம்பத்துக்கு மட்டும் ஒரு பல் போய்விட்டது. அவ்விடம் தங்கள் சௌக்கியமும், முழங்கால் வலியின் சௌக்கியமும், உங்கள் கல்யாணத்துக்கு நான் செய்து கொடுத்த மேசையின் சௌக்கியமும் அறிய ஆவல். அதன் காலடியில் இன்னும் மாத்திரை அட்டையை மடித்து வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். வீட்டுக்கு வருகிற ஒருத்தர் பாக்கி இல்லாமல் அதை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறீர்களே, உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?

நிற்க. தங்கள் கடிதம் கிடைத்தது. "முதல் வருஷக் கடைசியில் எல்லார் முன்னாலும் ஜெர்மனில் பேசணுமாம். நீ நேரில் பார்த்து, உருப்படுமா உருப்படாதா என்று உள்ளதை உள்ளபடி எழுது. தேறவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கட்டும். தேறினாலும் உன் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உதவியாக நாலு நாளைக்கு அக்காவையும் அனுப்பி வைத்தீர்கள். ஆறாங்கிளாஸை ரெண்டு தரம் படித்தவன் என்ற முறையில் இந்தப் பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் மச்சான். இந்த ஒரு வருஷமா என் பட்டறையில நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அந்த பாஷையில மேசை ஆம்பளையாம், கதவு பொம்பளையாம், ஜன்னல் ரெண்டும் இல்லையாம். முப்பது வருஷமா எத்தனை ஆம்பளைங்க முதுகை இழைச்சிருக்கேன், எனக்கே தெரியாம! ரம்பம் என்ன என்று கேட்டேன், பொம்பளைன்னா. அது சரியாத்தான் வச்சிருக்காங்கன்னு சொன்னேன், உங்க மகளும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து அன்னைக்கு எனக்குச் சாப்பாடே போடலை. செய்யற காரியத்தைச் சில சமயம் வாக்கியத்தோட வால்லதான் சொல்லுவாங்களாம், அதுவரைக்கும் அடிச்சானா அடி வாங்கினானான்னு தெரியாதாம். "உங்கப்பா பேச்சு மாதிரியேதான்"னேன். சிரிச்சு சிரிச்சு உங்க மகளுக்குப் புரையேறிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். அவ பேச எடுத்துக்கிட்டது ஒரு பழைய கதை. அந்தக் காலத்துல அந்த நாட்டுல தச்சு வேலை கத்துக்கிட்டவன் மூணு வருஷம் ஊர் ஊரா நடந்து வேலை செய்யணுமாம், சொந்த ஊர்ப் பக்கமே தலை காட்டக்கூடாதாம். கதையில அப்படி ஒருத்தன் யாரோ ஒருத்தர் வீட்டுக்குக் கதவு செஞ்சு மாட்டுறான். கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி விட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம நடையைக் கட்டிடறான். அவ்வளவுதான் கதை. "அவ்வளவுதானா? கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டேன். "இது இலக்கியம் மாமா"ன்னா. அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கறேன்.

பேசற அன்னைக்கு, "நீங்க வராதீங்க, உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்"னு சொல்லிட்டா. ஆனா அந்த வகுப்பறை மேசை பன்னிரண்டையும் முந்தின நாள்தான் நான் பழுது பாத்திருந்தேன். அதனால ஜன்னல் கொக்கி பாக்கி இருக்குன்னு சொல்லிப் பெட்டியோட உள்ள போயிட்டேன். அக்கா வாசல்லயே நின்னுட்டா. பதினோரு பிள்ளைங்க, முன்னால பெரிய கண்ணாடி போட்ட பேராசிரியையம்மா. நம்ம பொண்ணு எழுந்தா. கையில காகிதம். நான் நல்லா இருந்த கொக்கியையே திருப்புளியால கழட்டித் திரும்ப மாட்டினேன். இருபது நிமிஷம் பேசினா. ஒரு எழவும் புரியலை, ஆனா ஒரு இடத்துலயும் நிக்கலை, அது மட்டும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் கேள்வி கேப்பாங்களாம், அதுலதான் மார்க்காம். அந்தம்மா என்னமோ கேட்டாங்க. ஒரு பையன் எழுந்து ஒண்ணு சொன்னான், ஒரு பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு, எல்லாரும் தலையை ஆட்டினாங்க. கடைசியில நம்ம ஆளு நாலே வரி சொன்னா. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாங்க. போச்சுடா, பெட்டி கட்ட வேண்டியதுதான்னு நினைச்சேன்.

அப்பதான் மச்சான், மத்தப் பிள்ளைங்க எல்லாரும், அந்தம்மாவும் சேர்ந்து, விரலை மடக்கி மேசையை டொக் டொக்குனு தட்ட ஆரம்பிச்சாங்க! எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. நேத்துப் பண்ணின வேலை, அதுக்குள்ள பன்னிரண்டும் ஆடுதா? இருபத்து மூணு வருஷமா நீங்க மேசையை ஆட்டிக் காட்டியே பழகிப்போனவன் வேற என்ன நினைப்பேன்? ரெண்டு ஆப்பை எடுத்துக்கிட்டு முதல் மேசை அடியில பூந்துட்டேன். அங்கிருந்து ரெண்டாவது, மூணாவது. மேல தட்டறது நின்னுபோச்சு. அந்தம்மா குனிஞ்சு, நம்ம பாஷையிலயே, "ஐயா, கீழே என்ன பண்றீங்க?"ன்னாங்க. "எது ஆடுதுன்னு சொல்லுங்கம்மா, இப்பவே இறுக்கிடறேன்"னேன். உங்க மக தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுக்கிட்டே, "மாமா, அந்த நாட்டுக் கல்லூரியில பேச்சு பிடிச்சிருந்தா கைதட்ட மாட்டாங்க, இப்படி மேசையைத்தான் தட்டுவாங்க"ன்னா. மேசை ஆடுதுன்னா தட்டினாங்க? அவளுக்குத் தட்டியிருக்காங்க! நானும் கொட்டாப்புளியை எடுத்து மேசை அடியிலேருந்து ஓங்கி ஒண்ணு போட்டேன் பாருங்க, மேல ஏழு பேர் பேனா கீழ விழுந்துடுச்சு.

கேள்வி என்னன்னு அப்புறம்தான் சொன்னாங்க. அந்தத் தச்சன் விட்ட இடைவெளிக்கு என்ன அர்த்தம்? பையன், அது அவன் மனசுல இருக்கற தனிமைன்னானாம். பொண்ணு, மனுஷங்களுக்கு நடுவுல இருக்கற தூரம்னாளாம். நம்ம ஆளு என்ன சொன்னா தெரியுமா? "அது மழைக்கு விட்ட இடம். மழையில மரம் ஊதும், இடம் விடலைன்னா கதவு மூடாது. மழை வரும்போது தான் அங்க இருக்கமாட்டோம்னு தெரிஞ்சும், அந்த வீட்டுக்காரங்களுக்காக விட்டுட்டுப் போறான்." முப்பது வருஷமா இந்தக் கதையை நடத்தறேன், எனக்கு இது தோணலையேன்னு அந்தம்மா சொன்னாங்களாம். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டதுக்கு, "எங்க மாமா செஞ்ச குளியலறைக் கதவு மழைக்கு மூடாது மேடம், தினமும் தோளைக் கொடுத்துத் தள்ளறேன்"ன்னிருக்கா. தெரிஞ்சு செஞ்சதுல இல்ல, செய்ய மறந்ததுல மருமகளைத் தேற வச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான். வகுப்புலயே முதல் மார்க் மச்சான்!

ஆகவே உருப்படும் என்பது என் பணிவான அபிப்பிராயம். டாக்டர்கள் கிறுக்கலையே படிக்கிற உங்கள் ரத்தம், ஜெர்மன் எம்மாத்திரம்? ஆனாலும் தகப்பனார் நீங்கள். உங்கள் வாக்குக்காக நாங்கள் எல்லோரும் கைகட்டி, வாய்பொத்திக் காத்திருக்கிறோம். அக்கா பதில் வரும் வரை வாயே திறப்பதில்லை என்று இருக்கிறாள். உங்கள் முழங்காலுக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பன்னிரண்டு ஆடாத மேசைகளைத் தந்த
உங்கள் மைத்துனன்

பி.கு. உறை ஒட்டுவதற்குள் அக்கா வந்துவிட்டாள். மகளின் ரெண்டாம் வருஷச் சேர்க்கைத் தாளில் இன்று காலையிலேயே என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாளாம். ஆகையால் பதில் எழுத மெனக்கெட வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், மூணாவது மேசை லேசாக ஆடுகிறது. மகளுக்காக உங்கள் மேசையில் நீங்களும் ரெண்டு தட்டுத் தட்டுங்கள். மெதுவாக மச்சான், மாத்திரை அட்டை நகர்ந்துவிடப் போகிறது.